உம்மா யாரிடம்?



ஒரு முஸ்லிம் குடும்பச் சஞ்சிகையில் இந்திப் படத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். படம் பாருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு பட வசனத்தை நான் எடுத்து என் சொந்த நாநாவின் மீது கல்லாக எறிந்தேன். அந்தக் கல் யார் மேல் விழுந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால், அல்லது நாளைக்கு நடக்க இருந்தால், இது உங்களுக்கு உதவலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் சாச்சா ஜித்தாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு 'டெக்'கும் கொண்டு வந்தார். கிழக்கில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் டெக். சில இரவுகளில் இஷாவுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் பாய் விரிக்கப்படும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உம்மா வெற்றிலை வட்டாவோடு குசினி வாசலில் அமர்ந்திருப்பார். பார்க்காதவர் போலத்தான் இருப்பார். ஆனால் ஒரு வார்த்தையும் தவறாது.

வந்த கசற் எல்லாம் இந்திப் படங்கள். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. சாச்சாவுக்கு மட்டும் தெரியும். ஜித்தாவில் இந்தியர்களோடும் பாகிஸ்தானியர்களோடும் ஒரே அறையில் இருந்து பழகிய மொழி. அவர்தான் ஒவ்வொரு வசனத்தையும் உரத்த குரலில் தமிழில் சொல்லுவார். சில வேளை அவர் சொல்வதற்கு முன்னமே உம்மா தலையை ஆட்டுவார். "எப்படி உம்மா விளங்கிச்சு?" என்று கேட்டால், "துன்யா எண்டான், மௌத்து எண்டான், இதுக்கு மேல என்ன விளங்கணும்?" என்பார்.

உண்மைதான் சகோதரிகளே. அந்தக் காலத்து இந்திப் பட வசனங்களில் உருது நிறைய இருந்தது. உருதுவின் வழியாக அறபுச் சொற்கள் வந்தன. துன்யா, மௌத்து, கபுறு, கிதாபு என்று நாம் வீட்டில் புழங்கும் சொற்கள் பம்பாய்ப் படத்திலும் கேட்டன. 1965ஆம் ஆண்டு வந்த ஒரு படத்தின் பெயரே 'வக்த்'. தொழுகைக்கு நாம் சொல்கிற அதே வக்துதான். அதற்கு வசனம் எழுதிய அக்தருல் ஈமான், சாகித்திய அகாதமி விருது பெற்ற உருதுக் கவிஞர். கண்ணாடி வீட்டில் இருப்பவன் அடுத்தவன் வீட்டுக்குக் கல் எறிவதில்லை என்று அதில் ராஜ்குமார் சொல்லும் வசனம் இன்றும் பேசப்படுகிறது. 1975இல் வந்த 'ஷோலே'யில் கப்பர் சிங் என்ற கொள்ளைக்காரன் தன் கையாட்களைப் பார்த்து "கித்னே ஆத்மி தே?" என்று கேட்பான். எத்தனை பேர் வந்தார்கள் என்று அர்த்தம். மனிதனைக் குறிக்கும் அந்த 'ஆத்மி' என்ற சொல் ஆதம் நபியின் பெயரிலிருந்து வந்தது என்று சாச்சா சொன்னபோது, முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் 'அப்படியா!' என்றோம். பாடல்களைப் போல அந்தப் படத்தின் வசனங்களும் இசைத்தட்டாக விற்கப்பட்டன.

ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்தது 'தீவார்' படத்தின் வசனம்தான். தீவார் என்றால் சுவர். அதுவும் 1975இல் வந்தது. யாஷ் சோப்ரா இயக்கிய படம். எழுதியவர்கள் சலீம் கான், ஜாவேத் அக்தர் என்ற இரட்டையர். அந்த வசனத்துக்காக அவர்களுக்குப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. 1981இல் இந்தக் கதையைத்தான் ரஜினிகாந்தை வைத்துத் தமிழில் 'தீ' என்ற பெயரில் எடுத்தார்கள். உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கதை சுருக்கம் இதுதான். கணவன் விட்டுப்போன ஒரு தாய், இரண்டு ஆண் பிள்ளைகளோடு பம்பாய்க்கு வந்து பாலத்தின் கீழ் படுக்கிறாள். கட்டடம் கட்டும் இடத்தில் கல் சுமந்து பிள்ளைகளை வளர்க்கிறாள். தாயாக நடித்தவர் நிருபா ராய். மூத்தவன் விஜய், துறைமுகக் கூலியாக இருந்து கடத்தல்காரனாகி மாளிகை வாங்குகிறான். இளையவன் ரவி பொலிஸ் அதிகாரியாகிறான். மூத்தவனின் பணம் எப்படி வந்தது என்று தெரிந்ததும் தாய் மாளிகையை விட்டு இளையவனோடு போய்விடுகிறாள்.

பிறகு ஒரு நாள் இரவு, சிறு வயதில் படுத்த அதே பாலத்தின் கீழ் சகோதரர்கள் சந்திக்கிறார்கள். கட்டடம், சொத்து, வங்கியில் பணம், பங்களா, கார் என்று தன்னிடம் உள்ளதை எல்லாம் அடுக்கிவிட்டு, 'உன்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறான் மூத்தவனாக நடித்த அமிதாப் பச்சன். இளையவனாக நடித்த சஷி கபூர் அமைதியாகச் சொல்கிறார்: "மேரே பாஸ் மா ஹை." என்னிடம் அம்மா இருக்கிறாள்.

சாச்சா அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் தொடக்கம் நானும் நாநாவும் அதை நடித்துக் காட்டுவோம். நாநா பெரியவர் என்பதால் எப்போதும் அமிதாப் பச்சன். நான் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்துக்கொண்டே, "மேரே பாஸ் மா ஹை" என்று சொல்லிவிட்டு உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொள்வேன்.

இந்த வசனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவில் ஒஸ்கார் விருது வாங்கிய ஏ. ஆர். ரஹ்மான், மேடையில் நின்று இந்த நான்கு சொற்களைச் சொன்னார். அவருடைய தாயார் கரீமா பேகம் அந்த மண்டபத்திலேயே இருந்தார். அதே இரவில் எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழிலும் சொன்னார். அந்தச் செய்தியை நாங்கள் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். "நல்ல புள்ள" என்று சொல்லி அவர் துஆச் செய்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வாப்பா மௌத்தான பிறகு உம்மா என்னோடுதான் இருந்தார். 2016இல் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, இரவில் இரண்டு தரம் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் கையில். நாநா டோஹாவில் வேலை. மருந்துக்கும் செலவுக்கும் மாதம் தவறாமல் காசு அனுப்பினார். அதை நான் மறைக்கக் கூடாது.

ஒரு நாள் தொலைபேசியில், உம்மாவைக் கொழும்புக்கு எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார். அங்கே அவருக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. மதினியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி விளங்கியது. இவ்வளவு நாளும் நான் பட்ட பாடு ஒன்றுமில்லையா என்று கோபம் வந்தது. பேச்சு வளர்ந்தது. அவரும் கோபத்தில், "கொழும்பில வீடு இரிக்கி, வாகனம் இரிக்கி, பார்க்கிறதுக்கு ஒரு நேர்ஸ் வைக்க ஏலும். உனக்கிட்ட என்ன இரிக்கி?" என்று கேட்டுவிட்டார்.

என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. "மேரே பாஸ் மா ஹை" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தொலைபேசி வைக்கப்பட்டது. வென்றுவிட்டேன் என்ற மிதப்போடு திரும்பினேன். அறைக் கதவு திறந்திருந்தது. உம்மா கண் விழித்துப் படுத்திருந்தார்.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை நான் தலை வாரிவிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"சாச்சாட டெக்கில பார்த்த படம்தானே அது? எல்லாரும் மகன் சொன்ன கதையத்தான் சொல்றீங்க. அந்தத் தாய் சொன்னது ஞாபகமிரிக்கா மகள்?"

எனக்கு ஞாபகமில்லை. உம்மா சொன்னார். மாளிகையை விட்டுப் போகும்போது அந்தத் தாய் மூத்த மகனைப் பார்த்து, தாயை விலைக்கு வாங்குகிற அளவுக்கு நீ இன்னும் பணக்காரனாகவில்லை மகனே என்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் உம்மா அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"நாநாவுக்குத்தான் அது பொருந்துமெண்டு நினைக்காத" என்றார். "அவன் காசால வாங்கப் பார்க்கிறான். நீ பார்த்த பணிவிடையால வாங்கப் பார்க்கிறாய். நான் என்ன வளவா, வயலா, ஆருக்கிட்ட இரிக்கி எண்டு கணக்குப் பார்க்க? உங்க ரெண்டு பேரையும் வச்சிருந்தது நான்."

சீப்பு என் கையிலேயே நின்றது. சகோதரிகளே, உம்மாவை எங்கே வைப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. உம்மாவிடம் நாங்கள் ஒருவரும் கேட்கவேயில்லை. அப்போதுதான் கேட்டேன்: "உங்களுக்கு என்ன விருப்பம் உம்மா?"

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் பதினைந்து நாள் கொழும்பில் பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டும். நோன்புக்கு இந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாநா தொலைபேசி எடுத்தால் மருந்துக் கணக்கை மட்டும் கேட்காமல், தான் என்ன சாப்பிட்டேன் என்று உம்மாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அன்று இரவு நாநாவுக்கு நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு இலேசாக இருக்கவில்லை. அவர் வெகு நேரம் பேசவில்லை. அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலிலிருந்து உம்மாவைத் தன் கையால் தூக்கிக் கதிரையில் இருத்தினார். பிறகு குசினிக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உம்மா இவ்வளவு பாரமில்லாமப் போயிட்டாவா?" என்று மட்டும் கேட்டார்.

2018இல் உம்மா மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பேறு எங்களுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கடைசியில் குற்றவாளியான மூத்த மகன் அந்தத் தாயின் மடியில்தான் உயிர் விடுகிறான். 'என்னிடம் அம்மா இருக்கிறாள்' என்று இளையவன் சொன்ன பிறகும், அவள் மனம் மூத்தவனையும் விட்டுவிடவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டில் இருப்பதால் மற்றப் பிள்ளைக்கு இல்லாமல் போகிறவள் அல்ல தாய். எங்களுக்கு இது விளங்க ஒரு சண்டை தேவைப்பட்டது.

நம் மார்க்கம் இதை எவ்வளவு நுட்பமாகச் சொல்கிறது! வயோதிபத்தை அடைந்த பெற்றோரிடம் 'சீ' என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்று திருமறை தடுக்கிறது. சொல் அவ்வளவு பாரமானது. நான் உம்மாவிடம் 'சீ' சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்கும்படியாக, அவரை ஒரு சொத்தைப் போல் கணக்குக் காட்டினேன். இதற்காக அல்லாஹ்விடம் இன்றும் பாவமன்னிப்புக் கேட்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் உம்மா உயிரோடு இருக்கிறாரா? அவர் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று அண்ணன் தம்பிமாரோடு வாக்குவாதப்படுகிறீர்களா? வட்ஸ்அப்பில் நீண்ட செய்தி எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? அதை அப்படியே வைத்துவிட்டு, அவர் கட்டிலில் போய் இருங்கள். காலைப் பிடித்துவிட்டபடி, அவருக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு தொலைபேசியை எடுங்கள்.