என்புருக்கி உணர்த்தும் பாடம்

நோய்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பொருள் பொதிந்தவை. இன்று நாம் காசநோய் எனக் கூறும் பிணியை அவர்கள் சயரோகம் என்றும் என்புருக்கி நோய் என்றும் வழங்கினர். காசம் என்பது இருமல். சயம் என்பது தேய்வு. என்புருக்கி என்பதற்கு விளக்கம் வேண்டா. முதியோரைப் பொறுத்தவரை பின்னைய இரு பெயர்களே பெரிதும் பொருந்துகின்றன. இதனை நாம் நூல்களில் கற்பதற்கு முன்பே மதுரையில் நாம் வாழும் தெருவில் கண்டோம்.

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். சர்க்கரை நோயும் உடையவர். வைகறைத் தொழுகைக்கு முன்வரிசையில் நிற்கும் அவர், நாற்காலியில் அமர்ந்து தொழலானார். பின்னர்ப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்தினார். சட்டை தோளில் தொங்கியது, உணவு செல்லவில்லை. இருமலோ மிகக் குறைவு. "அத்தாவுக்கு வயதாகிவிட்டது" என்றனர் பிள்ளைகள். வெளியூரில் செவிலியராகப் பணிபுரியும் பேத்தி விடுமுறைக்கு வந்தபோதுதான் ஐயம் எழுந்தது. சளியைச் சோதித்தனர், காசநோய் எனத் தெரிந்தது.

1882ஆம் ஆண்டு இராபர்ட் காக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த அக்கிருமி, இளமையில் உடலுட் புகுந்து பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கவும் கூடும். முதுமையும் சர்க்கரை நோயும் ஊட்டக்குறைவும் புகைப்பழக்கமும் உடலின் காவலைத் தளர்த்துங்கால் அது விழித்தெழுகிறது. முதியோரிடம் காய்ச்சலும் இருமலும் வெளிப்படாமல் மெலிவும் சோர்வும் மட்டுமே தோன்றுதல் உண்டு. அவற்றை வயதின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

நோய் தெரிந்தபின் அவ்வீட்டில் வேறோர் இடர் நேர்ந்தது. பெரியவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, பின்கட்டில் ஒரு கட்டில். பேத்தியின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்று உறவினருக்கும் மறைத்தனர். மதுரையை அடுத்த தோப்பூர் மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே கலங்கிய தலைமுறையின் அச்சம் இன்னும் அகலவில்லை.

இவ்வச்சத்திற்கு விடையளித்ததும் தமிழகமே. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நோயாளரில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மருந்தளித்து ஒப்பிட்டது. 1959இல் வெளிவந்த முடிவு உலகின் போக்கையே மாற்றியது. வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. முறையாக மருந்துண்பவரோடு வாழ்ந்தமையால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. இந்நோய் காற்றின் வழிப் பரவுவது. தட்டாலும் குவளையாலும் பரவுவதன்று. காற்றோட்டமும், தொடக்க நாள்களில் வாயை மூடி இருமும் பழக்கமும், இடைவிடாத மருந்துமே காவல்.

இரண்டாம் திங்களில் ரமலான் வந்தது. நோன்பை விடேன் எனப் பெரியவர் மருந்தைத் தள்ளிவைக்க முனைந்தார். பள்ளிவாசல் இமாம் வீடு தேடி வந்து, நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை எடுத்துரைத்தார், மருந்து தவறவில்லை. இடையே கல்லீரல் சற்றே நலிந்தது. மருத்துவர் மருந்துகளை மாற்றியமைத்தார். முதியோருக்கு இத்தகைய கண்காணிப்பு இன்றியமையாதது. சர்க்கரை மாத்திரையின் அளவையும் மருத்துவர் அறிய வேண்டும். ரிபாம்பிசின் சில மாத்திரைகளின் ஆற்றலைக் குறைக்கும். ஆறு திங்கள் நிறைவுற்றபோது பெரியவர் நலம் பெற்றார்.

மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊட்டத்திற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பெற்றது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. 2022இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளரின் மெலிவையும் மூச்சையும் எழுந்து நிற்கும் வலிமையையும் தொடக்கத்திலேயே நோக்கி, நலிந்தோரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது.

மாணவச் செல்வங்களே! மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் கல்லூரிக்கு வரும் உங்கள் இல்லங்களில் முதியோர் உள்ளனர். திங்கள்தோறும் அவர்தம் எடையைப் பாருங்கள். காரணமின்றிக் குறைந்தால், இருமல் இல்லையாயினும், சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதுமைக்கு மருந்தில்லை, இந்நோய்க்கு உண்டு.