கதவைத் தட்டிய குளிர்பானம்

பன்னாட்டு நிறுவனங்களின் மூலதனத்தையும் விளம்பரத்தையும் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அரசின் கதவு அவற்றிற்கு எப்படித் திறந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். பெப்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1959இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கப் பொருட்காட்சியில், அந்நிறுவனத்தின் டொனால்டு கெண்டல், துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனின் துணையோடு குருஷ்சேவையே பெப்சி பருக வைத்துவிட்டார்! அனுமதிப்பதும் வாங்குவதும் அரசே என்ற நாட்டில் மேலிடத்தைப் பிடித்தால் போதுமல்லவா? 1972இல் உடன்பாடு ஏற்பட்டது. ரூபிளை வெளிநாட்டில் செலவிட முடியாது. எனவே பெப்சிக்கு ஈடாக ஓட்கா வந்தது.

இந்தியாவில் இந்த வித்தை பலித்திருக்காது. இங்கே நாடாளுமன்றம், மாநில அரசுகள், எதிர்க்கட்சிகள், பத்திரிகைகள் என்று எத்தனையோ கதவுகள். அந்நியச் செலாவணிச் சட்டத்தால் 1977இல் கோகோ கோலா வெளியேறிய நாடு வேறு. பெப்சி என்ன செய்தது? பஞ்சாப் அரசின் வேளாண் தொழில் கழகத்தையும் டாட்டாவின் வோல்டாசையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. பானத்தைவிடத் தக்காளி, உருளைக்கிழங்கு, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு பற்றியே மிகுதியாகப் பேசியது. பஞ்சாப் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். உழவன் பெயரைச் சொன்னால் மறுக்க எவருக்கு மனம் வரும்? உழவனை யாராவது கேட்டார்களா என்பது வேறு செய்தி.

1988இல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுப் பெயரைத் தனித்துச் சூட்ட அன்று இடமில்லாததால், 1990இல் 'லெஹர் பெப்சி' என்ற பெயரோடு அது கடைக்கு வந்தது.