முஸ்ஹஃபில் இல்லாத புள்ளிகள்



நிஸ்வான் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பணியில் பல்லாண்டுகளாக ஈடுபட்டு வருகிறோம். பிறருடைய ஓதலில் உள்ள பிழைகளைத் திருத்துவது நம் அன்றாட வேலை. இன்று நாம் செய்த பிழை ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். அவருடைய பெயரும் ஊரும் இங்கு வேண்டா.

லுஹருக்கும் அஸருக்கும் இடையே, குடும்பப் பெண்களுக்கென ஓர் ஓதல் வகுப்பு நடத்துகிறோம். அச்சகோதரி அதில் ஒருவர். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவரை இழந்து, இரு பிள்ளைகளுடன் தாய் வீட்டில் வாழ்பவர். தஜ்வீத் பேணி அழகாக ஓதுவார். புதிதாகச் சேர்பவர்களுக்கு எடுத்துக்காட்டாக அவரையே ஓதச் சொல்வது வழக்கம்.

ஒரு ரஜப் மாதத்தில் அவருடைய ஓதலில் வழக்கத்திற்கு மாறான பிழைகள் தோன்றின. புள்ளியில்லாத எழுத்துகளைப் புள்ளியுள்ளவைபோல் ஓதினார். 'ரா' இருக்கும் இடத்தில் 'ஸா' என்றார். 'ஹா' இருக்கும் இடத்தில் 'கா' என்றார். அரபு எழுத்தில் ஒரு புள்ளி கூடினால் சொல்லே மாறிவிடும் என்பதை நாம் அறிவோம். அனைவர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டோம். அவர் தலை குனிந்தபடி, "லாத்தா, கண்ணு முன்னால கறுப்புக் கறுப்பா ஏதோ மிதக்குது" என்றார். "வெள்ளெழுத்து வரும் வயதுதான், ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் கொண்டுவந்து தந்த சுர்மாவையும் கொடுத்தனுப்பினோம்.

அவர் கண்ணாடி வாங்கினார். புள்ளிகள் குறையவில்லை. பின்னர் ஒரு கண் மருத்துவரிடம் சென்றார். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணாடியின் பவரை மாற்றித் தந்து அனுப்பிவிட்டார்கள். வேறு நோய் ஏதும் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வலியில்லை, கண் சிவக்கவில்லை. எனவே எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் காலை, வலக்கண்ணுக்குச் சுர்மா இட்டு அதை மூடியிருந்தபோது, இடக்கண்ணின் கீழ்ப்பாதியில் திரை விழுந்தாற்போல் இருண்டிருப்பதைக் கண்டார். அதுவரை நல்ல கண்ணின் பார்வை கெட்ட கண்ணின் குறையை மறைத்து வந்திருக்கிறது.

அவர் ஒரு வாரமாக வகுப்புக்கு வராததால் வீட்டிற்குச் சென்று பார்த்தோம். அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு அனைத்தையும் சொன்னார். கணவருடைய மரணத்திற்குக் காசநோய் என்று ஊரார் அறிந்த காரணத்தின் அடியில் எச்.ஐ.வி. இருந்திருக்கிறது. அவர் வழியாகவே இவருக்கும் தொற்று வந்திருக்கிறது. அரசு மையத்தில் இலவசமாகத் தரும் கூட்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக உட்கொண்டவர், தாய் வீட்டிற்கு வந்த பின் அரிசிப் பானைக்குள் மாத்திரைப் புட்டியை மறைத்து வைத்திருக்கிறார். "இது என்ன மாத்திரை?" என்று அண்ணன் மனைவி ஒருநாள் கேட்டிருக்கிறார். அன்றோடு மருந்தை நிறுத்தியவர், ஓராண்டுக்கு மேல் அதைத் தொடவேயில்லை.

"கண் மருத்துவரிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்றோம். "வெளியே நம்ம ஊர்க்காரங்க உட்கார்ந்திருந்தாங்க லாத்தா" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களும் அன்னைக்கு பயான்ல சொன்னீங்கள்ல..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அந்த பயான் நமக்கு நினைவிருக்கிறது. ஒழுக்கம் பற்றிப் பேச வந்த இடத்தில், இந்நோய் வரம்பு மீறியோருக்கு அல்லாஹ் இறக்கும் தண்டனை என்று உரத்த குரலில் முழங்கியிருந்தோம். இச்சகோதரி அன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு முதலில் கூட்டு மருந்து மையத்திற்கும், அங்கிருந்து அனுப்பியபடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கும் சென்றோம். இம்முறை மருத்துவரிடம் முதல் வார்த்தையாக நோயைச் சொன்னார். உடனே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இட்டு, அரைமணி நேரம் காத்திருக்கச் செய்து, தலையில் மாட்டிய விளக்கின் ஒளியில் விழியின் உட்புறத்தை ஆராய்ந்தார்கள். அங்கே மருத்துவர் விளக்கியதையும், அதன்பின் நாம் கற்றறிந்ததையும் இங்கே தருகிறோம்.

நம் இரத்தத்தில் சி.டி.4 எனப்படும் காவல் அணுக்கள் உள்ளன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவை 500க்கு மேல் இருப்பது இயல்பு. எச்.ஐ.வி. கிருமி இவற்றையே அழிக்கிறது. எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கும் நிலையை எய்ட்ஸ் என்கிறார்கள். 50க்கும் கீழே போனால் விழித்திரைக்குப் பேராபத்து. நம்மில் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமி, காவலில்லாத அந்நேரத்தில் விழித்தெழுந்து விழித்திரையைத் தின்னத் தொடங்குகிறது. மிதக்கும் புள்ளிகள், மின்னல்போன்ற ஒளி, மங்கல், பார்வையின் ஒரு பகுதி இருண்டு போதல் ஆகியவையே அடையாளங்கள். சிலருக்குத் தொடக்கத்தில் இவைகூட இருப்பதில்லை. சிகிச்சையின்றி விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை பறிபோகலாம். ஒரு கண்ணில் தொடங்கியது மறு கண்ணுக்கும் பரவலாம். அழிந்த விழித்திரை மீண்டும் வளர்வதில்லை. எஞ்சியதைக் காப்பாற்ற மட்டுமே மருந்தால் இயலும்.

சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழு 1986ஆம் ஆண்டு இந்தியாவில் இத்தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, இக்கண் நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து உலகில் எங்கும் இல்லை. கூட்டு மருந்து வருவதற்கு முன், மேலை நாடுகளில் எய்ட்ஸ் நிலையை அடைந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் கண்டது. 1996ஐ ஒட்டிக் கூட்டு மருந்து பரவியபின் அது வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல் அரசு மையங்களில் அம்மருந்து இலவசம். இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையே போதுமானது. ஆகவே கண்ணைக் காக்கும் முதல் மருந்து அந்த மாத்திரைதான். நம் சகோதரி அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்ததும் அதைத்தான்.

கேன்சிக்ளோவிர் என்ற மருந்தை விழிக்குள்ளேயே ஊசி மூலம் செலுத்தினார்கள். வால்கேன்சிக்ளோவிர் மாத்திரையும் கொடுத்து, கூட்டு மருந்தையும் மீண்டும் தொடங்கினார்கள். "கண்ணில் ஊசியா?" என்று அஞ்சியவரின் கையைப் பிடித்தபடி வாரக்கணக்கில் சென்று வந்தோம். இடக்கண்ணில் போன பார்வை திரும்பவில்லை. வலக்கண்ணில் நோய் அப்போதுதான் ஓரத்தில் தலைகாட்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அக்கண் தப்பியது.

இத்தொற்றுடன் வாழ்வோரின் கண்ணைத் தாக்கும் வேறு நோய்களும் உள்ளன. நெற்றியிலும் இமையிலும் அக்கி கண்டால், அதுவும் மூக்கு நுனியில் கொப்புளம் தோன்றினால், கண்ணும் பாதிக்கப்படலாம். காவி குழைத்து அக்கி எழுதுவதிலும் ஓதி ஊதுவதிலும் மட்டும் நாள்களைக் கழித்துவிடாதீர்கள். துஆ செய்யுங்கள், அன்றே மருத்துவரிடமும் செல்லுங்கள். எச்.ஐ.வி.யுடன் காசநோயும் சேர்ந்து வருவதுண்டு. அதற்குத் தரும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்கித் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். மற்றொன்று: கூட்டு மருந்தால் உடலின் வலிமை மீளும்போது, ஏற்கெனவே நோயுற்ற கண்ணில் அழற்சி தோன்றி மங்கலாம். "மாத்திரைதான் கண்ணைக் கெடுத்தது" என்றெண்ணித் தாமாக நிறுத்திவிடுதல் பெருந்தவறு. அதற்கும் சிகிச்சை உண்டு.

தொற்றுள்ளோர் அனைவரும், குறிப்பாகச் சி.டி.4 குறைந்திருப்போர், அறிகுறிக்குக் காத்திராமல் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் அவ்வப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து இடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. ரமளானில் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றியமைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய நோயை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதையும், அதன் காரணமாக அவரை ஒதுக்குவதையும் தடை செய்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கண் மருத்துவருக்கு மட்டும் மறைக்காதீர்கள். ஐயங்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

அருகில் அமர்வதாலோ, ஒரே முஸ்ஹஃபில் ஓதுவதாலோ, ஒரே ஹவ்ழில் ஒளூச் செய்வதாலோ இக்கிருமி பரவாது. அழுகின்ற ஒருவரின் கண்ணீரைத் துடைப்பதாலும் பரவாது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் பார்வையற்ற அத்தோழர் வந்து கேட்டார். முகம் சுளித்துத் திரும்பிய அந்த ஒரு நொடிக்காக அல்லாஹ் 'அபஸ' என்னும் அத்தியாயத்தையே இறக்கினான். பின்னாளில் அத்தோழர் மதீனாவில் பாங்கு சொல்பவராக உயர்ந்தார். அவ்வத்தியாயத்தை நாம் மனனமாக அறிவோம். ஆயினும் பார்வை போய்க்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து நம் முகமும் திரும்பியே இருந்தது.

"பாவம், கணவரால் வந்ததுதானே" என்று சிலர் இரக்கப்படக்கூடும். அவர் குற்றமற்றவர் என்பதற்காக மட்டும் இரங்குவது போதாது. தவறு செய்தவருக்குக்கூடத் தவ்பாவின் வாசல் மூடப்படவில்லை. அல்லாஹ் மூடாத வாசலை நாம் மேடையேறி மூட முற்பட்டோம். நோய்க்கு மருந்தையும் படைத்தவன் அவனே என்று கற்பிக்கும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, மருந்தை ஒளித்து வைக்கும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளியதில் நமக்கும் பங்குண்டு. அச்சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க வீட்டுக்கு வந்தீங்களே லாத்தா, அது போதும்" என்றார். நமக்கு அது போதவில்லை. அதனால் அதே மேடையில், எவருடைய பெயரையும் சொல்லாமல், முன்னர் பேசியது தவறு என்று சென்ற ஷஃபானில் அறிவித்தோம். பயான் முடிந்தபின் பெண்ணொருவர் தனியே வந்து, மருந்து மையத்திற்குச் செல்லும் வழியைக் கேட்டார்.

இப்போது அச்சகோதரி பெரிய எழுத்து முஸ்ஹஃபில், வலக்கண்ணால், முன்பைவிட மெதுவாக ஓதுகிறார். மாத்திரைப் புட்டி மதரஸா அலமாரியில் இருக்கிறது. அதன் சாவி அவரிடமும் நம்மிடமும் மட்டுமே உண்டு. அவர் எழுத்துப் பிழை விட்டால் இப்போதும் திருத்துகிறோம், ஆனால், "கண் எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்டுவிடுகிறோம்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக! நம் நாவினால் பிறர் அடைந்த துன்பங்களை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.