தாத்தா புதைத்த 8 கொம்புகள்... அப்பத்தா காத்த ஒரு பானை!

"இங்கதான் அப்பத்தா. தாத்தா நாலு மூலைக்கும் செங்கல் வச்சாருல்ல?"

பங்குனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. சாணார்பட்டியில், நத்தம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஓட்டு வீடு. புழக்கடையில் நின்றால் சிறுமலை தெரியும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி காட்டிய இடத்தில் மண்வெட்டி இறங்கியது. ஒன்றரை அடி தோண்டியதும் முதல் கொம்பு தட்டுப்பட்டது.

அதைப் புதைத்தவர் தாத்தா. புரட்டாசியில், ஒரு மழைக்கு முந்தின சாயங்காலம், எட்டுப் பசுக் கொம்புகளில் சாணத்தை அடைத்து வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி குழிக்குள் அடுக்கினார். தை மாதம் அவர் காலமானார். காரியம், சடங்கு, பேங்க் வேலை என்று ஓடிய நாள்களில் குழியை யாரும் நினைக்கவில்லை. நினைவு வைத்திருந்தது பேத்தி மட்டும்தான்.

"சாணியக் கொம்புல வச்சுப் புதைக்கிற கிறுக்கு இந்த ஊர்ல உங்க தாத்தாவுக்கு மட்டும்தான்" என்று எத்தனையோ முறை சொன்னவர் அப்பத்தா. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கொம்பாக எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து வரிசையாக வைத்தார்.

கொம்புக்குள் என்ன இருக்கிறது?

இதற்குப் பெயர் கொம்பு சாண உரம். பயோடைனமிக் விவசாயத்தில் 500 என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். 1924 ஜூன் மாதம், அப்போது ஜெர்மனியில் இருந்த கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டெய்னர் நடத்திய எட்டுச் சொற்பொழிவுகளில் இருந்து பிறந்த முறை இது. அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஸ்டெய்னர் இறந்துவிட்டார். முறை மட்டும் கடல் தாண்டி வந்தது. 1990-களில் நியூசிலாந்துக்காரரான பீட்டர் ப்ராக்டர் இந்தியாவுக்கு வந்து பல மாநில விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். சாணார்பட்டி இருக்கும் இதே திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இந்த முறையில் பயிர் செய்கிறார்கள்.

தாத்தா அதைக் கற்றுக்கொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்.

'பசுவின் கொம்பாக இருக்க வேண்டும். காளைக் கொம்பு ஆகாது. பசுக் கொம்பின் அடியில் வளையம் வளையமாக இருக்கும். சாணம் பால் கறக்கும் மாட்டுடையது. தண்ணீராகப் போடும் சாணம் வேண்டாம்; கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்காத இடம், மர வேர் வராத இடம். புரட்டாசி, ஐப்பசியில் புதைத்து மாசி, பங்குனியில் எடுக்க வேண்டும்.'

கொம்பு கிடைப்பதுதான் அந்த வீட்டில் பெரிய சண்டையாக இருந்தது. வளர்க்கிற மாட்டின் கொம்பை யாரும் அறுப்பதில்லை. இறந்த மாட்டின் கொம்பைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். "அத வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது" என்று அப்பத்தா ஒற்றைக் காலில் நின்றதால், எட்டுக் கொம்புகளும் மாட்டுக்கொட்டகைக் கூரையிலேயே தொங்கின. ஒரே கொம்பை மூன்று, நான்கு முறை பயன்படுத்தலாம் என்பதால் தாத்தா அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது அப்பத்தா ஒரு கட்டையால் கொம்பைத் தட்டினார். கரும்பழுப்பு நிறத்தில், பிசைந்த மாவு மாதிரி உருண்டு விழுந்தது. பேத்தி பயந்து பயந்து மோந்து பார்த்தாள். சாண வாடையே இல்லை. மழை பெய்த தோப்புக்குள் நுழைந்தால் வருமே, அந்த மண் வாசம்.

எட்டில் ஆறு கொம்புகள் நன்றாக வந்திருந்தன. இரண்டில் சாணம் பச்சை நிறம் மாறாமல் ஈரமாக நாறியது. அவை எருக்குழிக்குப் போயின. கிடைத்தது கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

"இம்புட்டுக்கா அஞ்சு மாசம்?" என்றார் அப்பத்தா.

கேட்கும்படிதான் இருக்கிறது. ஆனால் ஓர் ஏக்கருக்கு வெறும் 25 கிராம் போதும் என்பதுதான் இந்த முறையின் கணக்கு.

சேமிப்பதில்தான் சிக்கல்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. 'போன வருஷம் எல்லாம் காய்ந்துபோச்சு. வைக்கத் தெரியவில்லை.'

தாத்தா செய்வதில் கெட்டிக்காரர். வைத்துக் காப்பதில் இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் ஆண்டு எடுத்த உரத்தை மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். காற்று இல்லாமல் புழுங்கி நாறியது. அடுத்த ஆண்டு மண்சட்டிக்கு மாற்றினார். ஆனால் சட்டியை வைத்த இடம், மோட்டார் ஸ்டார்ட்டரும் யூரியா மூட்டையும் இருந்த தகரக் கொட்டகை. சித்திரை முடிவதற்குள் உரம் காப்பித்தூள் மாதிரி காய்ந்துவிட்டது.

குளிர் நாட்டில் பிறந்த முறை இது. அங்கே வசந்தத்தில் தோண்டி எடுத்தால் வயல் ஈரமாகவே இருக்கும், உடனே தெளித்துவிடலாம். சாணார்பட்டிச் செம்மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பங்குனியில் எடுத்தால், நல்ல மழை பெய்து மண் நனையும்வரை காத்திருக்க வேண்டும். ஆடியோ ஆவணியோ ஆகலாம். சில வருடம் புரட்டாசிகூட ஆகிவிடும். நடுவில் கத்திரி வெயில் இருக்கிறது. அதைத் தாண்டி இந்தக் கால் கிலோவை உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

"இதத்தான் வைக்கத் தெரியலையா அவுகளுக்கு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார் அப்பத்தா. குரல் கொஞ்சம் உடைந்தது.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. அவரது அடுப்படியைப் பார்த்தால் தெரியும். வருஷப் புளி பானையில் இருக்கிறது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து முடிந்து வைத்திருக்கிறார். உறைமோர் எத்தனையோ ஆண்டுகளாக அறுபடாமல் வருகிறது. எது காய வேண்டும், எதற்கு ஈரம் வேண்டும், எதை இறுக்கி மூட வேண்டும், எதற்குக் காற்று வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

அப்பத்தா வைத்த விதம்

உரத்தை வழவழப்பான ஒரு சின்ன ஊறுகாய்ச் சாடியில் போட்டார். இறுக்கும் மூடி இல்லை. மேலே ஒரு மண் தட்டு. பழைய தண்ணீர்ப் பானைக்குள் நான்கு விரல் உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, நடுவில் சாடியை வைத்து, சுற்றிலும் மேலும் நார்க்கழிவால் மூடினார். பயோடைனமிக் முறையில் மரப்பெட்டிக்குள் பீட் எனப்படும் சதுப்பு நில மக்கைச் சுற்றி வைக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு நார்க்கழிவே போதும்.

பானை போன இடம், ஒரு காலத்தில் குதிர் நின்ற இருட்டு மூலை. ஃப்ரிட்ஜ், மோட்டார், பெட்ரோல், பூச்சிமருந்து எதுவும் பக்கத்தில் இல்லை. கீழே மணல் பரப்பி, வெயில் நாளில் அதில் மட்டும் தண்ணீர் தெளித்தார்.

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வீடு துடைத்த கையோடு, சாடியைத் திறந்து விரலால் அழுத்திப் பார்ப்பார். மாவு மாதிரி அமுங்கினால் சரி. உதிர்ந்தால் இரண்டு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் தெளித்துக் கிளறி விடுவார். பஞ்சகவ்யம் தயாரிக்கும்போது தினமும் கலக்க வேண்டும்; இதற்கு அது தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பார்வை போதும்.

இதே குடும்பத்தில் 501 என்று ஒன்று இருக்கிறது. வெண்கல் எனப்படும் படிகக் கல்லை மாவாக அரைத்துக் கொம்பில் அடைத்து, கோடையில் புதைத்து எடுப்பது. அதை இருட்டில் வைக்கக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு.

கீழ்நோக்கு நாளில் ஒரு மணி நேரம்

ஆடி கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. பேத்தி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். 'சந்திரன் இறங்குமுகமாக இருக்கும்போது, சாயங்காலம் தெளிக்க வேண்டும்.'

அப்பத்தா தினசரி காலண்டரைப் பார்த்து, "நாளைக்குக் கீழ்நோக்கு நாள்தான்" என்றார். இரண்டும் ஒன்றில்லை. காலண்டரில் போடும் கீழ்நோக்கு நாள், அன்றைய நட்சத்திரத்தைப் பொறுத்தது. பரணி, மகம், மூலம் போன்ற ஒன்பது நட்சத்திர நாள்கள். பயோடைனமிக் கணக்கில் இறங்குமுகம் என்பது, வானத்தில் சந்திரனின் பாதை நாளுக்கு நாள் தெற்கே சாயும் இரண்டு வார காலம். தேய்பிறையும் இதுவும்கூட வேறு வேறு. அன்று இரண்டு கணக்கும் ஒத்துவந்ததால் வீட்டில் வாக்குவாதம் இல்லை.

ஐந்து சென்ட் தோட்டம். கணக்குப்படி ஒன்றேகால் கிராம்தான். ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான கிணற்றுத் தண்ணீரில் போட்டார்கள். குச்சியால் ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் பள்ளம் விழுந்ததும் சட்டென்று மறுபக்கம் சுழற்ற வேண்டும். இப்படி ஒரு மணி நேரம். அப்பத்தாவும் பேத்தியும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். பொழுது இறங்கியதும் வேப்பங்கொத்தால் நனைத்து, பெரிய பெரிய துளியாக மண்ணில் தெளித்தார்கள். கலக்கியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

"இதனால நிஜமாவே காய்க்குமா அப்பத்தா?"

நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தில் 1978-லிருந்து பயோடைனமிக், இயற்கை, ரசாயன முறைகளை அருகருகே வைத்து ஆய்வு செய்கிறார்கள். முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002-ல் வெளியாயின. இயற்கை முறைகளில் விளைச்சல் சுமார் 20 சதவிகிதம் குறைவு. ஆனால் மண்ணில் உயிர்கள் அதிகம், உரச் செலவும் மிகக் குறைவு. அதில் கொம்பு உரத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. மட்கிய எரு, மூடாக்கு, சரியான ஈரம் இல்லாமல் ஒரு சிட்டிகை உரம் மட்டும் தோட்டத்தைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

அப்பத்தாவின் பதில் இதைவிடச் சுருக்கம். "கொம்பாலயா, எருவாலயா, நான் ஊத்துற தண்ணியாலயா... யாருத்தா கண்டா? வாரா வாரம் மண்ணத் தொட்டுப் பாத்தா, மண்ணு என்ன கேக்குதுன்னு தெரியும். அதுக்காச்சும் இது வேணும்."

மாடு போகுமா, இருக்குமா?

ஆவணியில் மகன் வந்தார். திண்டுக்கல்லில் வேலை. "அம்மா, இந்த வயசுல மாட்டக் கட்டி மேய்க்க முடியாது. நல்ல விலைக்குக் கேக்குறாங்க. குடுத்துருவோம். தோட்டத்துலயும் பாதிக்குத் தளம் போட்டுட்டா வண்டி நிறுத்தலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. வைக்கோல் விலையும் ஏறிவிட்டது.

அப்பத்தா உள்ளே போய்ச் சாடியை எடுத்து வந்து மகன் முன்னால் திறந்து வைத்தார். ஐந்து மாதம், ஒரு கத்திரி வெயில் கடந்தும் அதே கறுப்பு, அதே வாசம். மகன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்பாவின் நோட்டில் இருந்த சிவப்பு மை வரியை அவரும் படித்திருந்தார்.

"புரட்டாசிக்குச் சாணி வேணும்ப்பா. மத்தத அப்புறம் பேசுவோம்."

மகன் பதில் சொல்லவில்லை. போகும்போது, தளம் போட அளந்து கட்டியிருந்த கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

புரட்டாசி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அதே எட்டுக் கொம்புகளும் அதே குழிக்குள் போயின. இந்த முறை கொம்பில் சாணம் அடைத்தது அப்பத்தா. நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தது பேத்தி. நோட்டின் சிவப்பு மை வரிக்குக் கீழே அவள் நீல மையில் எழுதினாள்: 'இந்த வருஷம் காயவில்லை. அப்பத்தா வைத்தார்.'