ஒரு பென் டிரைவும் ஒரு விளக்கக் கடிதமும்

நவம்பர் மாதம் என்றால் நம்மைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு என்ன மாதம் என்று சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கிற மாதம். போன நவம்பரில் அந்த வேலையோடு எங்கள் சங்கத்துக்கு ஒரு மனுவும் எழுத வேண்டியிருந்தது. மெயின் ரோட்டில் உள்ள ஜெராக்ஸ் கடையில் சொல்லிச் சொல்லி டைப் அடிக்க வைத்து, பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து யோசித்தால், ஒரு தேதி தப்பு. என் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேரில் கிடந்தது. மகளின் லேப்டாப் மேஜை மேல் திறந்தபடி இருந்தது. அவள் உள்ளே அம்மாவுக்குக் கை கால் பயிற்சி செய்துவிட்டுக் கொண்டிருந்தாள்.

ஒரு நிமிட வேலைதானே என்று பென் டிரைவைச் செருகினேன்.

திரையில் சிவப்பாக ஏதோ ஒரு அறிவிப்பு வந்தது. சட்டென்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மகளின் செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அவள் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு. இங்கே திருநகரில் ஒரு கிழவன் செய்த காரியம் அங்கே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். கோபம்கூட இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

அவள் ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இரண்டு பெட்டிகளோடு பெங்களூரிலிருந்து வந்தவள் அவள். நிலைமை சரியானதும் மற்றவர்களைத் திரும்ப அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. மகள் மேலதிகாரிகளிடம் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்யத் தனி அனுமதி வாங்கினாள். அந்த அனுமதி ஒரு காகிதம்தான். அந்தக் காகிதத்தில்தான் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது. அது போனால் அவள் பெங்களூருக்குப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

நான் 1979-ல் வங்கியில் சேர்ந்தவன். கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் முதல் வேலை. அன்றைக்குப் பாதுகாப்பு என்றால் கண்ணால் பார்க்கிற பொருள். இரும்புக் கிரில், துப்பாக்கியோடு ஒரு காவலாளி, ஸ்ட்ராங் ரூம். அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்றால் சாவியை முறைப்படி எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வெளியூருக்குப் பணம் அனுப்பத் தந்திதான். 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று தந்தி வரும். தந்தியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமே? அதனால் அதில் ஒரு ரகசிய எண் இருக்கும். சைஃபர் என்போம். அதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்போம். அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, தந்தியில் வந்த எண்ணோடு ஒத்துப் போனால்தான் பணம். ஒத்துப் போகாவிட்டால் அனுப்பிய கிளைக்குத் திரும்பக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் கவுண்ட்டர் முன்னால் நின்று கத்தினாலும் கொடுக்க மாட்டோம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்த பிறகு ஒவ்வொரு கிளையாக லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. அப்போதும் கணக்கு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது. 1999-ல் வங்கிகளுக்கென்றே 'இன்ஃபினெட்' என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். 2004-ல் ஆர்.டி.ஜி.எஸ்., 2005-ல் நெஃப்ட் வந்தன. கிளைகளை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரோடு கோர்த்தார்கள். அப்போது நான் சோழவந்தான் பக்கம் ஒரு கிளையில் அதிகாரி. மொட்டை மாடியில் விசாட் குடை. கீழே தொலைபேசித் துறையின் லீஸ்டு லைன். வயல் ஓரம் வாய்க்கால் வெட்ட மண்வெட்டி போட்டால் லைன் போய்விடும். மழை கொட்டினால் குடையும் கைவிட்டுவிடும். "லைன் இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று நாங்கள் சொன்னதும், வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்த விவசாயிகள் எங்களைத் திட்டிக்கொண்டே போனதும் இன்றும் நினைவிருக்கிறது.

அந்த லைனுக்கு ஒரு குணம் உண்டு. அது அந்தக் கட்டிடத்துக்கு மட்டுமே சொந்தம். கட்டிடத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் நம்முடைய ஆள் என்று அது நம்பும். இதைத்தான் கோட்டைப் பாதுகாப்பு என்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ஊரைச் சுற்றியும் கோட்டை இருந்தது. ஊர் பெருத்து வெளியே வழிந்தபோது, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்த இருவர் பெயரில்தான் மாரெட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. சுவர் போன இடத்தில் வெளிவீதிகள் வந்தன. சுவர் இல்லாத ஊரில் எது உள்ளே, எது வெளியே?

கம்பெனிகளுக்கும் அதுதான் நடந்தது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து வேலை செய்ய, 'வி.பி.என்.' என்று ஒரு வழி போட்டுக் கொடுப்பார்கள். நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று சின்ன வயதில் கதை கேட்டிருப்போமே, அது மாதிரி. பொது இன்டர்நெட்டின் அடியில் ஒரு மறைவான பாதை. உள்ளே போவது என்ன என்று வழியில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் ஒரு ஆபத்து. சுரங்கத்தின் இந்த முனை கள்ளன் கையில் கிடைத்துவிட்டால், அவன் நேரே கோயிலுக்குள் போய் எழுந்திருப்பான்.

2010-ல் ஜான் கிண்டர்வாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தைச் சொன்னார். உள்ளே இருப்பவன் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு முறையும் விசாரி என்று. இதை 'ஜீரோ டிரஸ்ட்' என்கிறார்கள். மகளின் லேப்டாப் அந்த முறையில் இயங்குகிறது. காலையில் பாஸ்வேர்டு, பிறகு செல்போனில் ஒரு எண், அதற்குப் பிறகும் லேப்டாப் ஒழுங்காக இருக்கிறதா என்று விடாமல் ஒரு சோதனை. அந்தச் சோதனையில்தான் என் பென் டிரைவ் மாட்டியது. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அதில் ஒரு வைரஸும் ஏறி வந்திருந்ததாம். அந்த நிமிடமே லேப்டாப்பைக் கம்பெனி வலையிலிருந்து துண்டித்துத் தனியாக நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு பென் டிரைவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று எனக்கு முதலில் தோன்றியது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து முடக்கினார்கள். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி பல நாள் கையால் சீட்டு எழுதியது. 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லி மூன்று பொய்த் தகவல்களை அனுப்பினார்கள். ஏறத்தாழ 20 லட்சம் டாலர். சுவர் ஏறிக் குதிக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, நம் பழைய 'டாலி' பார்க்கிற பழக்கம்தான் கடைசியில் கை கொடுத்தது என்று ஒரு திருப்தி எனக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் கம்பெனி விளக்கக் கடிதம் கேட்டது. இரவு சாப்பிடும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நானே மறந்து போய் செருகிட்டேன்னு எழுதிரட்டுமாப்பா? நான் செருகினா அது கவனக்குறைவு. வேற ஆள் தொட்டாங்கன்னா அது விதியையே மீறின மாதிரி. அனுமதியவே ரத்து பண்ணிருவாங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதியவன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

சோழவந்தான் பக்கம் இருந்தபோது நடந்தது. கிளார்க் பதிவு செய்வார், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் அதிகாரி தன் பாஸ்வேர்டைப் போட்டு அனுமதிக்க வேண்டும். இரட்டைச் சாவியின் மறுபிறவி அது. ஆனால் கூட்டம் நெருக்கும். மண்டல அலுவலகத்தில் மீட்டிங் இருக்கும். நான் என் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒரு கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுப் போவேன். என் மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும்தான் பாஸ்வேர்டு. ஸ்ட்ராங் ரூம் சாவியை அப்படிக் கொடுத்திருப்பேனா? கனவிலும் மாட்டேன். பாஸ்வேர்டு கையில் கனக்கவில்லை, அதனால் அது சாவி என்று தோன்றவில்லை.

ஒரு நாள் அந்தப் பையன் அவசரத்தில் ஒரு கணக்கில் போட வேண்டிய பணத்தை வேறொரு கணக்கில் போட்டுவிட்டான். அந்த ஆள் அதை எடுத்துச் செலவழித்தும்விட்டார். திருட்டு இல்லை, தவறுதான். ஆனால் பதிவில் என் பெயர். நான் அன்று மதுரையில் மீட்டிங்கில் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடு சாட்சி. விளக்கம் கேட்டார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'நான் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாமல் பார்த்திருக்கலாம்' என்று எழுதினேன். அவனுக்கு இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை வாங்கிக்கொண்டு வந்து போட்டான். அந்த மாலையைப் போல் கனமான ஒன்றை நான் கழுத்தில் சுமந்ததில்லை.

இதை அன்று இரவு மகளிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என் பேரையாப்பா பாஸ்வேர்டா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதும்மா. அப்பா தொட்டார்னு எழுது. வேணும்னா நானும் ஒரு கடிதம் தர்றேன்" என்றேன்.

அப்படியே எழுதினாள். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் அவளுக்கு விடுமுறைக் கணக்கில் போனது. எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டவனின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. நான்காம் நாள் பதில் வந்தது. எச்சரிக்கைக் கடிதம், பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடிக்க வேண்டும், பழைய லேப்டாப்பை கூரியரில் அனுப்பிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆறு மாதம் கழித்து அனுமதியை மறுபரிசீலனை செய்வார்கள். அந்த ஆறு மாதமும் கடந்த மே மாதம் முடிந்தது. அனுமதி நீடிக்கிறது. அவள் இங்கேதான் இருக்கிறாள்.

வேலை இப்போது மதுரைக்கு வந்துகொண்டிருக்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறையும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நம் பிள்ளைகள் நம்மோடு இருப்பதற்கு இதெல்லாம் ஒரு வழி. ஆனால் அலுவலகம் வீட்டுக்குள் வரும்போது, அதன் ஸ்ட்ராங் ரூமும் கூடவே வருகிறது. காவலாளி இல்லை, கிரில் இல்லை. நாமும் பேரப்பிள்ளைகளும்தான் அந்தக் காவல்.

அதனால் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளின் அலுவலக லேப்டாப்பை, பக்கத்து வீட்டுப் பெட்டகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தாலும் தொடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணைப் பெற்ற பிள்ளையே கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். மறைப்பதுதான் தவறைப் பெரிதாக்குகிறது.

அந்தப் பையன் (பையன் என்ன, அவனும் இப்போது ஓய்வு பெறப் போகிற வயதுதான்) திண்டுக்கல் பக்கம் ஒரு கிளையில் இருக்கிறான். தீபாவளி முடிந்ததும் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை அது.

மகளின் அறைக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது. காலை பதினொரு மணிக்குக் காபி கொண்டு போனால், நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் நிற்கிறேன். "யாரு?" என்று கேட்கிறாள். வீட்டில் நடமாடுகிற ஒரே ஆள் நான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறாள். நானும், "அப்பாதாம்மா" என்று பதில் சொல்கிறேன்.