வெள்ளாற்றுப் பாலமும் 70 கொண்டை ஊசி வளைவும்

புவனகிரியில் சைக்கிள் ஓட்டுகிறவனிடம் "ஏத்தம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டால் வெள்ளாற்றுப் பாலத்தைக் காட்டுவான். அதுவும் பாலத்தில் ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரம்தான். தாண்டினால் கீரப்பாளையம், சிதம்பரம் எல்லாம் தோசைக்கல் மாதிரி தரை. சேத்தியாத்தோப்பு பக்கம் போனாலும் அதே கதை. வீராணம் ஏரிக்கரை மேல் ஓட்டினால் உயரத்தில் இருப்பதாக ஒரு பிரமை வரும், அவ்வளவுதான். எங்களுக்கு மலை என்றால் பரங்கிப்பேட்டை பக்கமிருந்து வருகிற எதிர்க்காற்றுதான்.

அதனால் எங்க ஊர் சைக்கிளில் கியர் என்பது பெரும்பாலும் அலங்காரம். என் ரோடு சைக்கிளில் முன்னாடி 50, 34 பல். பின்னாடி 11-லிருந்து 28 வரை. வாங்கின நாளிலிருந்து 28 பல் சக்கரம் புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு அப்படியே இருந்தது. சங்கிலி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்ததே இல்லை.

இப்படி நிம்மதியாப் போய்க்கிட்டிருந்த வாழ்க்கையில் நாமக்கல்லில் வேலை பார்க்கிற அக்கா பையன் கல்லைப் போட்டான். "மாமா, ஜனவரில கொல்லிமலை ஏறுவோம். காரவள்ளியில ஆரம்பிச்சு சோளக்காடு வரைக்கும். 70 கொண்டை ஊசி வளைவு. வர்றீங்களா?"

அவனுக்கு 26 வயசு. எனக்கு 51. வயசு கூடப் பரவாயில்லை, இடது முட்டிதான் பிரச்சினை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அது பன்னு மாதிரி வீங்கி, மாடிப்படி ஏற ஒரு மாசம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். டாக்டர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "சைக்கிள் தாராளமா ஓட்டுங்க. ஆனா கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதிக்காதீங்க. லேசா வச்சுக்கிட்டு காலை வேகமா சுத்துங்க."

ஆக, கேள்வி இதுதான். 34-க்கு 28 வச்சுக்கிட்டு கொல்லிமலையில் காலை "வேகமா" சுத்த முடியுமா? சிதம்பரத்தில் என் மெக்கானிக்கைக் கேட்டேன். "34 பல் கேசட் போடலாம் சார். ஆனா உங்க பின் டீரெய்லர் அதைத் தாங்காது. நீளக் கூண்டு வச்சது மாத்தணும், சங்கிலியும் புதுசு போடணும்" என்று சொல்லி ஏழாயிரம் ரூபாய் கணக்கு கொடுத்தார். ஏழாயிரத்தைப் போடுவதற்கு முன்னாடி ஒரு மலையில் ஏறிப் பார்த்து முடிவு பண்ணலாம் என்றால், மலை எங்கே இருக்கு? கல்வராயன் மலைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்.

அதுக்குத்தான் வீட்டுக்குள்ள ஒரு மலை.

தெரியாதவர்களுக்காக: சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழட்டிவிட்டு டிரெய்னர் என்கிற பெட்டியில் மாட்டிவிட வேண்டும். கேசட் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். எதிரே கம்ப்யூட்டரில் ஸ்விஃப்ட் ஓடும் (மாருதி கார் இல்லைங்க, இசட்-ல ஆரம்பிக்கிற ஸ்விஃப்ட்). 2014-ல் சோதனை முயற்சியாக வந்த சமாச்சாரம். அதில் வட்டோபியா என்று ஒரு கற்பனைத் தீவு. திரையில் ஏற்றம் வந்தால் டிரெய்னர் மிதியை இறுக்கும், இறக்கம் வந்தால் விட்டுக்கொடுக்கும். பிரான்சின் ஆல்ப் டூயெஸ் மலைப்பாதையை அப்படியே அளந்து 2018-ல் 'ஆல்ப் டு ஸ்விஃப்ட்' என்று அந்தத் தீவில் நட்டு வைத்தார்கள். 12 கிலோமீட்டர் சொச்சம், 1,036 மீட்டர் ஏற்றம், சராசரி 8.5 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை அதில் இல்லை. ஆனால் கியர் முடிவு பண்ண இது போதும்.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். அவனும் டிரெய்னர் வச்சிருக்கான்.

"மாமா, நான் ஆல்ப் ஏறியாச்சு. 28 கூடத் தேவைப்படல, 25 பல்லுலயே ஜம்முன்னு சுத்தினேன். வீணா செலவு பண்ணாதீங்க."

"டிரெய்னர் டிஃபிகல்ட்டி எவ்வளவுல வச்சிருந்தே?"

"அது என்னது மாமா?"

இங்கேதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஸ்விஃப்டின் செட்டிங்கில் டிரெய்னர் டிஃபிகல்ட்டி என்று ஒரு பட்டை உண்டு. நாம் தொடாமல் விட்டால் அது 50 சதவீதத்தில் நிற்கும். திரையில் 8 சதவீத ஏற்றம் வந்தால் காலுக்கு 4 சதவீதம்தான் தெரியும். ஆனால் மலையைச் சுலபமாக்கி நம்மை ஏமாற்றி ஜெயிக்க வைக்கிற வேலை இல்லை அது. திரையில் நம் பொம்மை போகிற வேகத்தை நம் எடையும் நாம் மிதிக்கிற வாட்ஸும்தான் தீர்மானிக்கும். 160 வாட்ஸ் மிதித்தால், பட்டை எங்கே இருந்தாலும் பொம்மை அதே வேகத்தில்தான் ஏறும். மாறுவது ஒன்றே ஒன்று: அந்த 160 வாட்ஸை எந்த கியரில், எத்தனை சுற்றில் கொடுக்கிறோம் என்பது. அதாவது, என் முட்டிக்குத் தேவையான அந்த ஒரு தகவலைத்தான் அந்தப் பட்டை மறைக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 74 கிலோ, சைக்கிள், தண்ணி, சில்லறை சாமான் சேர்த்து 84. ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க என்னால் முடிவது 160 வாட்ஸ்தான், மிஞ்சினால் 165. 8 சதவீத ஏற்றத்தில் அது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம். 34-க்கு 28 கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ரெண்டரை மீட்டர் நகரும். அப்படியென்றால் நிமிஷத்துக்கு 52 சுற்று. செக்கு மாடு தோத்துடும். அதே கியர், அதே வாட்ஸ், பட்டை 50-ல் இருந்தால்? 92 சுற்று! டாக்டர் பார்த்தால் கை கொடுப்பார். மாப்பிள்ளை ஜம்முன்னு சுத்தினது இப்படித்தான்.

சரி, காகிதத்தில் போட்ட கணக்கு காலில் வருதா பார்ப்போம் என்று பட்டையை 100-க்குத் தள்ளிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு மணிக்கு ஏறினேன். முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர் தூரம். செங்கல் உயரம் ஏழரை சென்டிமீட்டர். ஆக முன்பக்கம் ஏழரை சதவீதம் தூக்கியாச்சு. இதையே தானாகத் தூக்கி இறக்க வாஹூ கம்பெனி 'கிக்கர் கிளைம்ப்' என்று ஒரு கருவி விற்கிறது, விலையைப் பார்த்துவிட்டு செங்கல்லுக்குத் திரும்பினேன் :-) செங்கல் வச்சதும் உடம்பு பின்னாடி சரிந்து இடுப்பு உட்காரும் இடமே மாறுது. சீட்டின் மூக்கை ஒரு நூல் கீழே இறக்க வேண்டியிருந்தது. அதுவும் மலைக்குப் போகும் முன் தெரிய வேண்டிய சங்கதிதான்.

சுற்று 51, 53, 52 என்றே நின்றது. ஏழாவது வளைவுக்குள் முட்டியின் உள்பக்கம் ஒரு சின்ன குடைச்சல். பத்தாவதில் நிறுத்தி இறங்கிவிட்டேன். "ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு வேர்வைல குளிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்றபடி தங்கமணி தரை துடைக்கிற துணியை நீட்டினாங்க.

அடுத்த வாரம் செய்ததுதான் எனக்கே பிடித்த வேலை. 34 பல் சக்கரம் எப்படி இருக்கும் என்று, வாங்காமலேயே பார்க்க முடியுமா? 28-ஐ 34-ஆல் வகுத்தால் 0.82. அதாவது, 34 பல் போட்டால் காலுக்கு வருகிற பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதே அளவு பாரத்தைப் பட்டையைக் குறைத்தும் குறைக்கலாம் இல்லையா? 80 சதவீதம் வாக்கில் வைத்தேன். கணக்குப்படி 63 சுற்று வரணும். 62, 64 என்று வந்தது. ஏழாயிரம் ரூபாய் சாமானைக் கடைக்காரருக்குத் தெரியாமல் ஓட்டிப் பார்த்த மாதிரி ஒரு திருட்டு சந்தோஷம். 21 வளைவும் ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. மறுநாள் காலை முதல் வேலையாக முட்டியைத்தான் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. மாடிப்படி ஏறினேன். ஒன்றும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா டிரெய்னரும் எல்லா ஏற்றத்தையும் காட்டாது. சக்கரத்தோடு சேர்த்து மாட்டுகிற டாக்ஸ் ஃப்ளோ மாதிரி மலிவு ரகம் 6 சதவீதத்தோடு கையை விரித்துவிடும், அதுக்கு மேல் பட்டையை எங்கே தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. கிக்கர் கோர் 16, டாக்ஸ் நியோ 2டி 25 வரை போகும். கியர் சோதனைக்காக வாங்குகிறவர்கள் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்கணும். 2023-ல் ஸ்விஃப்டே 'வர்ச்சுவல் ஷிஃப்டிங்' கொண்டு வந்தது. கேசட்டே கிடையாது, ஒற்றைப் பல் சக்கரம், 24 கியரும் மென்பொருளில். ரொம்ப சொகுசு, சத்தமும் இல்லை. ஆனால் நம்ம சைக்கிளில் இருக்கிற கியர் மலைக்குப் போதுமா என்று அது சொல்லாது. மலைக்கு எடுத்துப் போகப் போவது எதுவோ அதை மாட்டித்தான் பார்க்கணும்.

பொம்மை சைக்கிள் தேர்வு பற்றியும் சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளை கோவிச்சுப்பான், அவன் உயிரே அதில்தான். விளையாட்டுக்குள்ளேயும் சைக்கிள், சக்கரம் எல்லாம் 'வாங்கலாம்'. சமதரைக்குக் காற்றைக் கிழிக்கிற ரகம், மலைக்கு எடை குறைந்த ரகம், காட்டுப்பாதை மண் ரோட்டுக்கு கிராவல் அல்லது மவுண்டன் பைக். டைம் டிரயல் சைக்கிள் எடுத்தால் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தப்பிக்கிற சலுகை கிடையாது. 50,000 மீட்டர் ஏறி முடித்தால் நியான் விளக்கு மாதிரி ஜொலிக்கிற சக்கரம் வச்ச 'டிரான்' சைக்கிள் இனாம். மண் ரோட்டில் ரோடு சைக்கிளோடு போனால் நிஜமாகவே பின்தங்குவோம். ஆனால் மலையில்? ஒரு கிலோ குறைந்தால் என் 84-ல் ஒரு கிலோ, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிஷம் மிச்சம். அந்த ஒரு கிலோவை நான் ராத்திரி பரோட்டாவிலேயே குறைச்சுக்கலாம். 2020 டிசம்பரில் முதல் மெய்நிகர் சைக்கிள் உலகப் போட்டி ஸ்விஃப்டில்தான் நடந்தது. ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். அவரை மாதிரி ஆட்களுக்கு அந்த நிமிஷம் தேவை. எனக்கு முட்டி தேவை.

போன வாரம் 34 பல் கேசட், நீளக் கூண்டு டீரெய்லர், புது சங்கிலி மூணும் மாட்டியாச்சு. மாப்பிள்ளையும் பட்டையை 100-க்குத் தள்ளி ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினான். "மாமா, அந்த மெக்கானிக் நம்பரைக் குடுங்க."

மெக்கானிக் நம்பர் கேட்டவன் பிரேக் கட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆல்ப்பிலிருந்து இறங்கும்போது பொம்மை 70 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுகளில் சாய்ந்து பறக்கும். நாம் பிரேக்கைத் தொடவே வேண்டாம், சும்மா உட்கார்ந்து டீ குடிக்கலாம். கொல்லிமலையில் அதே 70 வளைவையும் இறங்கணும், எதிரே பஸ் வரும், குரங்கு குறுக்கே ஓடும். என் பழைய கட்டை எங்க ஊர் தரையிலேயே தேய்ந்து பாதியாகியிருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் புதுசு போட்டு, கேபிளும் மாத்தச் சொல்லியிருக்கேன். அவனுக்கும் ஒரு செட் சேர்த்து வாங்கி வச்சிருக்கேன், பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வரும்போது நானே மாட்டி விட்டுடுவேன்.