உதைக்க முடியாத பந்து

இந்தக் கால்பந்து கேமில் பந்தை உதைக்க முடியாது. ஆட்டக்காரர்களை வாங்கலாம், விற்கலாம், திட்டலாம், தட்டிக்கொடுக்கலாம். யார் எங்கே நிற்பது, எப்போது முன்னேறுவது என்று உத்தரவு போடலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் வேலை அநேகமாக முடிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம், வியூகத்தைக் கொஞ்சம் மாற்றலாம். மற்றபடி கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். இதையெல்லாம் கேட்டால், இப்படி ஒரு கம்ப்யூட்டர் கேமை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று தோன்றும். ஆனால் 'ஃபுட்பால் மேனேஜர்' முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இரு பெயர்களில், உலகெங்கும் லட்சக்கணக்கானவர்களின் தூக்கத்தைக் கெடுத்துவருகிறது.

கதை தொடங்கியது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில். பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம், 1992-ல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. (கெவின் டாம்ஸ் என்பவர் 1982-லேயே இதே வகை கேம் ஒன்றை 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் விற்றிருக்கிறார்.) முதல் பதிப்பில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் கற்பனை. அடுத்த ஆண்டு நிஜப் பெயர்கள் வந்ததும் சூடு பிடித்தது. 1994-ல் 'ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்' நிறுவனம் பிறந்தது. 2003-ல் வெளியீட்டாளரான ஐடாஸுடன் உறவு முறிந்தபோது, பெயர் ஐடாஸிடம் தங்கியது. புரோகிராமும் தகவல் களஞ்சியமும் சகோதரர்களுடன் வந்தன. 2004-ல் செகா நிறுவனத்தின் துணையோடு 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற புதுப் பெயரில் அவர்கள் திரும்பி வந்தார்கள். உண்மையான சொத்து எது என்று சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. ரசிகர்கள் பழைய பெயரைக் கைவிட்டு, களஞ்சியத்தின் பின்னால் போனார்கள்.

களஞ்சியம்தான் இதன் பெரும் பலம். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளூர் மைதானங்களைச் சுற்றி வந்து ஆட்டக்காரர்களுக்கு மார்க் போடுகிறார்கள். பந்தைக் கடத்தும் திறன், வேகம், துணிச்சல், நிதானம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை. இவை போக, விளையாடுபவரின் கண்ணில் படாமல் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இன்றைய திறமைக்கு. மற்றது இவர் எந்த உயரத்தைத் தொடக்கூடும் என்ற கணிப்பு. இரண்டுக்கும் உச்சம் 200. நிஜக் கிளப்புகளே இதில் மயங்கின. 2008-ல் எவர்ட்டன் கிளப், புதிய ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு இந்தக் களஞ்சியத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

எண்களுக்குப் பின்னால் ரத்தமும் சதையுமான பையன்கள் இருக்கிறார்கள் என்பது அவ்வப்போது மறந்துபோகிறது. 2001-02 பதிப்பை விளையாடியவர்களுக்கு செர்னோ சம்பா என்றால் கோல் மழை. மில்வால் கிளப்பின் இளைஞர் அணியில் இருந்த அவரை வாங்கிப்போட்டால் கோப்பை நிச்சயம். நிஜத்தில் அவர் மில்வாலின் முதன்மை அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்பெயின், நார்வே என்று நாடு நாடாகச் சென்று ஆடினார், காம்பியாவின் தேசிய அணியில் இடம்பெற்றார், காயங்களால் ஓய்வுபெற்றார். இடையில் மனச்சோர்வில் வாடியதைப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். டார்பி கவுன்ட்டியின் டோன்டோன் சோலா முகோகோவும் திரையில்தான் சூப்பர் ஸ்டார். அவரும் கிளப்பின் முதன்மை அணியை எட்டவில்லை. அதே பதிப்பில், கோல்களைக் குவித்துத் தள்ளிய டோ மடேரா என்ற போர்ச்சுகல் வீரரின் நிலை இன்னும் வேடிக்கை. அப்படி ஒருவர் இருக்கவே இல்லை. யாரோ களஞ்சியத்தில் நுழைத்துவிட்ட ஆள்! மூவரில் எவரையும் கோடிக்கணக்கான பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்த வீட்டு மேனேஜர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அவர்களுடைய பாசம் பொய்யல்ல. நான்காம் டிவிஷன் கிளப் ஒன்று. கஜானா காலி. பயிற்சி மைதானம் மோசம். இலவசமாகக் கிடைத்த 16 வயதுப் பையனை நம்பி இறக்குகிறார் மேனேஜர். பத்து சீசன்களில் கிளப் முதல் டிவிஷனைத் தொடுகிறது, பையன் கேப்டனாகிறான். அவனை விற்கச் சொல்லி பெரிய கிளப் ஒன்று பெட்டி நிறையப் பணத்தோடு வாசலில் நிற்கும்போது, நள்ளிரவில் தனியறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் உண்மையிலேயே தவிக்கிறார். அந்தப் பையனுக்கு அம்மா அப்பா கிடையாது. புரோகிராம் பெற்றெடுத்த பெயர் அவன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தவிக்கிறார். இதுபோன்ற கதைகளை இந்த கேம் யாரும் எழுதாமலே உற்பத்தி செய்கிறது. ஒருவருக்குக் கிடைத்த கதை இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை.

எரிச்சலும் அதே ஊற்றிலிருந்துதான் புறப்படுகிறது. மேனேஜரின் அணி 25 முறை கோலை நோக்கி அடிக்கிறது. கம்பத்தில் படுகிறது, கோல்கீப்பரின் காலில் படுகிறது, கூட்டத்துக்குள் பறக்கிறது. எதிரணி ஒரே முறை முன்னேறி வந்து, ஒரே அடியில் கோல் போட்டுவிட்டுப் போகிறது. கேம் ஏமாற்றுகிறது, கம்ப்யூட்டருக்கு ஓரவஞ்சனை என்று கூச்சல் போடாத விளையாட்டுக்காரர் இல்லை. ஆனால் கால்பந்தின் குணமே அதுதான். ஒன்றோ இரண்டோ கோல்களில் முடிவாகும் விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்குக் கிடைக்கும் பங்கு பெரியது. நிஜ மேனேஜர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் விழுங்கும் அதே கஷாயத்தை இந்த கேமும் ஊற்றிக் கொடுக்கிறது. சரியாகச் செய்தால் ஜெயிக்கலாம் என்று அது உத்தரவாதம் தருவதில்லை. தோற்றால் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

மன்னிக்க முடியாத எரிச்சல்கள் வேறு. பத்திரிகையாளர் சந்திப்பில் அதே நிருபர்கள் அதே கேள்விகளை வருஷக்கணக்கில் கேட்கிறார்கள். மூன்று ஆட்டங்களில் வெளியே உட்காரவைத்தால் ஆட்டக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என்ன சமாதானம் சொன்னாலும் கோபம் கூடுகிறது, அவருக்காக அறையிலுள்ள மற்றவர்களும் கொடி பிடிக்கிறார்கள். இடைவேளையில் தைரியம் சொன்னால் ஏன் சிலர் தளர்ந்துபோகிறார்கள் என்பதற்குக் காரணமே கிடைப்பதில்லை. மனித மனத்தை மெனுவில் அடைக்க முயலும் இடங்களில்தான் புரோகிராமின் தையல் பிரிந்து தெரிகிறது.

தோல்வியைத் தாங்காதவர்களுக்கு ஒரு புறவாசல் உண்டு. ஆட்டத்துக்கு முன் சேமித்துவைத்த கோப்பைத் திறந்தால் போதும். தோல்வி நடக்கவே இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி வாங்கிய கோப்பையின் ருசி மறுநாள் காலையில் மாறிவிடுகிறது என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, தயாரிப்பாளர்களே பின்வாங்க முடியாத 'அயர்ன்மேன்' முறை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். பூட்டிய அறையில் தன்னிடம் தானே நேர்மையாக இருப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் கேம்கள் அதிகமில்லை.

ஆரம்ப காலத்தில் ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது. திரையில் வரி வரியாக வர்ணனை மின்னும். மீதியைக் கற்பனை பார்த்துக்கொள்ளும். 2003-ல் மேலிருந்து பார்க்கும் வட்டப் புள்ளிகள் வந்தன. 2008-ன் இறுதியில் வெளியான பதிப்பில் முப்பரிமாண உருவங்கள். பார்ப்பதற்கு அதிகமானதும் குறை காண்பதற்கும் அதிகமானது. புது மென்பொருள் அடித்தளத்துக்கு மாறும் முயற்சியில் 2025 பதிப்பு தள்ளிப்போய், அந்த ஆண்டு பிப்ரவரியில் அடியோடு கைவிடப்பட்டது. நவம்பரில் அடுத்த பதிப்பு வந்தது. பெண்கள் கால்பந்து முதல் முறையாக இடம்பிடித்தது; பழகிய பட்டன்கள் எங்கே போயின என்று பழைய விசுவாசிகள் தேடியதும் அந்தப் பதிப்பில்தான்.

இந்திய லீகும் இந்தக் களஞ்சியத்தில் இடம்பெற்றிருக்கிறது. மோகன் பகானை ஆசிய சாம்பியன் ஆக்கலாம்; தேசிய அணியின் பொறுப்பை ஏற்று, இந்தியா இதுவரை ஆடியிராத உலகக் கோப்பைக்கு அழைத்துப்போக முயலலாம். ஒரே இரவில் அது நடக்காது. ஆட்டக்காரர்களை வளர்க்க ஆண்டுகள் பிடிக்கும், பயிற்சி வசதிக்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும். நிஜத்திலும் மருந்து அதுதான், விழுங்கத்தான் ஆளில்லை.

திரையிலிருந்து இறங்கி நிஜ மைதானத்துக்குப் போனவராக ஐரோப்பியப் பத்திரிகைகள் கொண்டாடியவர் வில் ஸ்டில். 2022 அக்டோபரில், 30 வயதில், பிரான்சின் ரான்ஸ் கிளப்பின் பொறுப்பு அவரிடம் வந்தது. உயர் பயிற்சியாளர் லைசென்ஸ் இல்லாததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவரோ முதல் 17 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. சிறு வயதில் இந்த கேமை வெறியோடு ஆடியவர் என்பது உண்மை. இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சி படித்ததும், பெல்ஜியம் கிளப்புகளில் வீடியோக்களை அலசி வேலை கற்றதும் அதே அளவு உண்மை. அதைத் தலைப்பாகப் போட்டால் யார் படிப்பார்கள்? 2025 மே மாதம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அவரை அமர்த்தியது. வெற்றிகள் வரவில்லை. நவம்பரில் வேலை போனது. அங்கே பழைய கோப்பைத் திறக்கும் வசதி கிடையாது.